ஆம்னியில் செக் என்ஜின் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் வேலூரின் டிஎன் 23 நம்பரோடு சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் நடுவில் அது ஓடாத நாளில்லை. இந்த வண்டிகளில் மஞ்சள் விளக்கு எரிந்தால் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். ஸ்கேனர் போடுவார்கள், பி0171 என்ற கோளாறு எண் வரும், "ஆக்சிஜன் சென்சார் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்பார்கள். புதுசு போட்ட கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரியும்.

ஆக்சிஜன் சென்சார் என்பது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்ப்பது. பி0171 என்றால் அது கெட்டது என்று அர்த்தமில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் அர்த்தம். அப்படிக் காட்டப் பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்கள் இருக்கும்: உள்ளே காற்று இழுக்கும் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு, அல்லது சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் கசிவு.

இந்தக் கசிவைத்தான் யாரும் நம்புவதில்லை. புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்பார்கள். எக்ஸாஸ்ட் ஒரே சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் பைப்புக்குள் அழுத்தம் ஒரு கணம் இறங்கும். அப்போது அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். சென்சார் அதில் ஆக்சிஜனைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியூவும் நம்பி இன்னும் ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கரிபிடிக்கும், டெயில் பைப் கறுப்பாகும். சென்சார் பார்த்ததைத்தான் சொன்னது.

கண்டுபிடிக்க, காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்ட் இணைப்புகளில் சோப்பு நீர் தெளியுங்கள். இன்னொருவர் டெயில் பைப் வாயைக் கனமான ஈரத்துணியால் சில விநாடி அழுத்தட்டும். கசியும் இடத்தில் நுரை பொங்கும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கரி விசிறிபோலப் பரவியிருந்தால் நுரைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஓட்டையில் எம்-சீல் அப்புவதும், கண்ட சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவுவதும் வேலைக்காகாது. எம்-சீல் சூட்டில் உதிரும். சாதாரண சிலிக்கானிலிருந்து வரும் ஆவி நல்ல சென்சாரையும் கெடுத்துவிடும். வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஈசியூ போய்விடலாம்.

ஆம்னியில் கசிவைத் தள்ளிப்போடவே கூடாது. என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. கசியும் புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் தலைவலி, மயக்கம் என்று யாராவது சொன்னால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள்.

சென்சாரையும் சோதிக்கலாம். வண்டி நன்றாகச் சூடானபின் சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். அப்போதாவது ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. ஏறாவிட்டாலும் வயரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சீட்டுக்கடியில் எலி கடித்த வயர் இங்கே சகஜம்.

அடுத்தது நம்ம ஊர் வெயில் செய்கிற வேலை. அக்னி நட்சத்திரத்தில் ஹீட் ஆகிறது என்று, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஓடும்போது என்ஜின் சரியான சூட்டுக்கு ஏறாது. கூலன்ட் சென்சாரும் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஈசியூ கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே போகும். கடைசியில் பழி ஆக்சிஜன் சென்சார் மேல். ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் பாருங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். அதை உடைத்துக் காலி செய்தால் இழுக்கும்தான். ஆனால் அதை அடைத்த கூடுதல் பெட்ரோலுக்கான காரணம் அப்படியே கிடக்கும், புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதும் வேண்டாம். கோளாறு எண் அழியும், ஈசியூ கற்று வைத்ததும் சேர்ந்து அழியும். வெல்டிங்குக்குக் கழற்ற வேண்டி வந்தால், முதலில் கோளாறு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.