தேன் பாட்டிலைப் பிடுங்காதீர்கள்: வார்டில் கேட்டுப் பழகும் முறை

எங்கள் சேலத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும். போன வருடம் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து நர்ஸிங் படிக்க வந்த மாணவி ஒருத்தியிடம் ஒரு சின்னப் பையன், "அக்கா, எங்க ஆயா எங்க?" என்று கேட்டிருக்கிறான். இவள் ஓடிப்போய், வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவைக் கூட்டிவந்து அவன் முன்னால் நிறுத்திவிட்டாள். அவன் பாட்டியை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். பையன் ஓவென்று அழ, வார்டே சிரித்தது. ஒரே மொழிக்குள்ளேயே இந்தக் கதி.

அதனால்தான், இந்த மதத்துக்காரர் இதைச் சாப்பிடமாட்டார், அந்த மதத்துக்காரர் இன்ன நாளில் விரதமிருப்பார் என்று பாடப்புத்தகத்தில் வரும் அட்டவணையைப் பரீட்சைக்கு மட்டும் படிக்கச் சொல்கிறேன். கட்டிலருகே போனால் கேட்க வேண்டியதுதான். கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றால் அது போலீஸ் விசாரணை. "இதுக்கு உங்க வீட்ல என்னம்மா செய்வீங்க?" என்று கேளுங்கள். கையில் பேனாவும் ஃபைலும் வேண்டாம். பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போது பேச்சுவாக்கில் கேட்டால் பதில் தானாக வரும்.

இதை நான் கற்றது ஒரு தப்பு செய்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேரன் பிறந்த சேதி கேட்டு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு ஆயா வந்தார். மலையாளிப் பழங்குடி. (கேஸ் ஷீட்டில் 'மலையாளி' என்று பார்த்துவிட்டு, கேரளா பாஷை தெரிந்த ஆளைத் தேடாதீர்கள். சேர்வராயன் மலைக்காரர்கள் அவர்கள், பேசுவது தமிழ்.) மடியிலிருந்து சின்ன பாட்டிலில் மலைத்தேன் எடுத்து, குழந்தைக்குச் சேனை வைக்க, அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் கையால் முதல் இனிப்பைத் தடவ, விரலில் தொட்டார். நான் வெடுக்கென்று பிடுங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது, அதிலுள்ள கிருமியால் பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம். நான் சொன்னது சரிதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதற்கப்புறம் என்னிடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் மருமகளுக்குக் காய்ச்சல் அடித்ததைக்கூட மறைத்துவிட்டார்கள். தற்செயலாகத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்போது என்றால், "சேனை யாரு வைக்கறது?" என்று முதலில் கேட்பேன். பெரியவரின் குணம் பிள்ளைக்கு வரணும் என்பதுதானே அவர்கள் ஆசை. அந்தப் பெரியவர் பிரசவத்தின்போதே பக்கத்தில் இருந்தால், அவர் கையாலேயே பிள்ளையைத் தூக்கி, பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் விடச் சொல்வேன். "உங்க கையால சீம்பால்தான் சேனை, ஆயா." தேன் பாட்டில் பத்திரமாக மடியிலேயே இருக்கும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகட்டும்.

நோயாளியின் பழக்கவழக்கத்தைக் கேட்டறிந்து கவனிக்கும் இந்த நர்ஸிங் துறையைத் தொடங்கிவைத்த அமெரிக்க நர்ஸ் மேடலின் லெய்னிங்கர். 1960களில் பப்புவா நியூகினியின் மலைக் கிராமங்களில் தங்கிப் பார்த்தவர். அவர் சொன்ன மூன்று வழிகளை என் பாஷையில் சொன்னால்: இருக்கட்டும் என்று விடு, கொஞ்சம் வளைத்துக் கொடு, மாற்றச் சொல். சேனை இரண்டாவது வகை. வசம்பு மூன்று வகையிலும் வரும். குழந்தையின் கையில் வளையலாகக் கோத்திருந்தால் இருக்கட்டும். அந்தக் கையில் ஊசி போட வேண்டுமா, அடுத்த கைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். உரசி வாயில் ஊற்றுகிறார்களா, அப்போது மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வளையலையும் சேர்த்து வெட்டி எறிந்தவர் சொன்னால் அதை யார் கேட்பார்கள்?

ஆபரேஷனுக்கு முன் தாலி விஷயமும் இப்படித்தான். "கழட்டுங்க" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லாதீர்கள். முதலில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிப் போடச் சொல்லுங்கள், அப்புறம் தங்கத்தைக் கழற்றலாம். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்காது. நகையைக் கூட இருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

எஸ்டேட் வேலைக்கு வட மாநிலத்திலிருந்து வரும் பெண்களோடு மேஸ்திரியும் வருவார், தானே மொழிபெயர்ப்பார். மாதவிலக்கு பற்றிக் கேட்டால் அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் "எல்லாம் சரியா இருக்கு சிஸ்டர்" என்பார். அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். இந்தி தெரிந்த பெண் ஒருவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மறுபடி முதலிலிருந்து கேளுங்கள்.

கேட்டதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்: 'இடது கை வசம்பு வளையல், கழற்ற வேண்டாம்.' 'மோர் குளிர்ச்சி என்கிறார், ரசம் குடிக்கிறார்.' எழுதாமல் போனால், நைட் டியூட்டிக்கு வருகிறவள் கத்தரிக்கோலோடு போய் நிற்பாள்.