புது போன், புது கிண்டில்: முதல் வாரத்துல பண்ணக்கூடாத தப்புகள்

புது போன் வாங்கினவங்கள மறுநாளே "எப்படி இருக்கு"ன்னு கேட்டா பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும், "செமயா இருக்குப்பா", இல்லன்னா "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது, ஏமாந்துட்டேன்". ரெண்டுமே அவசரப்பட்டு சொல்றது. புது சாதனம் கைக்கு வந்த முதல் சில நாள்ல சில விஷயத்த கண்டிப்பா பாத்தே ஆகணும், சில விஷயத்த அப்போ பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க. பேட்டரிய முதல் நாள் சாயங்காலமே அளந்து முடிச்சிடறாங்க, டிஸ்ப்ளே ஓரத்துல ஒரு புள்ளி செத்துக் கிடக்கறத ரிட்டர்ன் தேதி முடிஞ்சப்புறம்தான் கவனிக்கறாங்க.

முதல்ல இந்த பேட்டரி கதைய பாத்துடுவோம், ஏன்னா நிறைய பேர் புலம்பறது இதுக்குத்தான். பழைய போன்லருந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தினதும் உள்ள என்னென்ன நடக்குதுன்னு நமக்கு வெளில தெரியாது, வாட்ஸ்அப் பேக்கப் இறங்கிட்டிருக்கும், ஆப் எல்லாம் ஒண்ணொண்ணா அப்டேட் ஆகும், ஆயிரக்கணக்கான போட்டோவ அலசி இது யாரு முகம் இது எந்த ஊருன்னு பிரிச்சு வைக்கற வேலை பின்னாடி ஓடிட்டே இருக்கும். அதோட நாமளும் சும்மா இருக்க மாட்டோம், புதுசாச்சே, அன்னைக்கு முழுக்க ஸ்கிரீன் அணையவே அணையாது. இவ்வளவும் சேர்ந்தா பேட்டரி இறங்காம என்ன பண்ணும், போனும் லேசா சூடாத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டுல 2018லருந்து அடாப்டிவ் பேட்டரின்னு ஒண்ணு இருக்கு, நீங்க எந்த ஆப்ப அடிக்கடி திறக்கறீங்க எத தொடறதே இல்லன்னு பாத்துப் பாத்து, தொடாததோட வேலைய அடக்கி வைக்கும், அதுக்கு உங்க பழக்கம் புரியவே கொஞ்ச நாள் ஆகும். அதனால ஒரு வாரமாவது விட்டுட்டு, அப்புறமா செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போய் எந்த ஆப் எவ்வளவு தின்னிருக்குன்னு பாருங்க, அந்தக் கணக்குதான் நம்பற மாதிரி இருக்கும்.

அதுக்காக சூடு எல்லாமே சகஜம்னு நினைச்சிடாதீங்க. சார்ஜ்லயும் போடாம, கையிலயும் எடுக்காம, டேபிள்ல சும்மா கிடக்கற போன் கொதிக்குதுன்னா அது கோளாறு. பின்பக்க மூடி லேசா தூக்கின மாதிரி தெரிஞ்சா பேட்டரி உப்புதுன்னு அர்த்தம், அப்போ சார்ஜ் போடறத உடனே நிறுத்திட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க. சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஞாபகம் இருக்கும், 2016 ஆகஸ்ட்ல வந்தப்போ பாத்தவங்க எல்லாம் புகழ்ந்து தள்ளினாங்க, செப்டம்பர்ல தீப்பிடிக்குதுன்னு திரும்ப வாங்க ஆரம்பிச்சு அக்டோபர்ல உற்பத்தியையே நிறுத்தினாங்க. முதல் வாரத்துல கையில வச்சு ரசிச்சவங்களுக்கு உள்ள இருந்த பேட்டரி குறை தெரிஞ்சிருக்க வழியே இல்ல.

இன்னொண்ணு, சில கடைல இன்னமும் "முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்ப இருக்கற லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்ல, ஜீரோ வரைக்கும் இறக்கி இறக்கி ஏத்தறதும் அதுக்கு நல்லதில்ல.

டிஸ்ப்ளேக்கு வருவோம். கடைல வச்சிருக்கற டெமோ போன்ல பிரைட்னஸ் ஃபுல்லா இருக்கும், கலர் மோடு விவிட்ல இருக்கும், ஓடற வீடியோவும் அந்த ஸ்கிரீன் எடுப்பா தெரியணும்னே எடுத்த வீடியோ. அத பாத்துட்டு ஆஹான்னு வாங்கறதுதான் முதல் தப்பு. பெட்டி மேல போட்டிருக்கற அந்த ஆயிரக்கணக்கான நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்கற அளவு) கணக்கும் பெரும்பாலும் ஸ்கிரீன்ல ஒரு சின்னப் பகுதி மட்டும் பளிச்சுனு எரியறப்போ எடுத்தது, மொட்டை மாடி வெயில்ல முழு ஸ்கிரீனும் அந்த வெளிச்சத்துல எரியும்னு எதிர்பாக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைப் படம், ஒரு சாம்பல் கலர் படம் ரெண்டையும் ஃபுல் ஸ்கிரீன்ல வச்சு, ரூம் லைட்ட அணைச்சு, பிரைட்னஸ ரொம்பக் குறைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் பச்சையாவோ ரோஸ் கலராவோ அடிக்குதா, திட்டுத்திட்டா இருக்கா, புள்ளி எதுவும் செத்திருக்கான்னு அப்பதான் தெரியும். கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் 2017ல வந்தப்போ லேசா சாய்ச்சுப் பாத்தா நீலமா அடிக்குதுன்னும், சில வாரத்துலயே ஸ்கிரீன்ல பழைய உருவம் பதிஞ்சு நிக்குதுன்னும் புகார் வந்து, கடைசில கூகுள் வாரன்டிய ரெண்டு வருஷமா நீட்டிச்சாங்க. விலை ஒசத்தியான போன்தானே, இதுல என்ன செக் பண்றதுன்னு விட்டுடாதீங்க.

அமோலெட், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானாவே ஒளி விடற ஸ்கிரீன்ல இன்னொரு விஷயம் இருக்கு, இத யாரும் கடைல சொல்ல மாட்டாங்க. நிறைய மாடல்ல வெளிச்சத்த குறைக்கறதுக்கு ஸ்கிரீன வேகமா அணைச்சு அணைச்சுப் போடறாங்க, கண்ணுக்குத் தெரியாது, ஆனா சிலருக்கு தலைவலி, கண் வலி வரும். ஃபுல் பிரைட்னஸ்ல கடைல அஞ்சு நிமிஷம் பாக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ராத்திரி படுத்துக்கிட்டு குறைஞ்ச வெளிச்சத்துல அரை மணி நேரம் எதாவது படிச்சுப் பாருங்க, அத மாத்திக்கற தேதி முடியறதுக்குள்ள பண்ணிடுங்க.

கேமராவுல நடக்கற தப்பு, மத்தியானம் பால்கனில நின்னு ஒரு செம்பருத்தி பூவ எடுத்துட்டு "கேமரா வேற லெவல்"னு ஸ்டேட்டஸ் போடறது. அந்த வெளிச்சத்துல எந்த போனும் நல்லாத்தான் எடுக்கும். ராத்திரி டியூப் லைட்டுல, ஓடிட்டிருக்கற குழந்தைய எடுங்க, கை கால் எல்லாம் கலங்கி வருதான்னு பாருங்க. வீட்டுல ஒரு அரக்கு கலர் பட்டுப்புடவை இருந்தா அத எடுத்து புடவையையும் போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, சில போன் அத பளீர்னு சிவப்பாக்கிடும், ஜரிகை வெள்ளையா வெடிச்சுப் போயிருக்கும். முகத்த வெளுப்பாக்கற பியூட்டி மோடு தானாவே ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க, மாநிறமா இருக்கறவங்க முகத்த இருக்கற நிறத்துல காட்டாத கேமராவ நான் நல்ல கேமரான்னு சொல்ல மாட்டேன். அப்புறம் 200 மெகாபிக்சல்னு போட்டிருந்தா சாதாரணமா எடுக்கற போட்டோ 12.5 மெகாபிக்சல்லதான் வரும், 16 பிக்சல ஒண்ணா சேத்து வெளிச்சத்த கூட்டிக்கறாங்க, அது ஏமாத்து வேலை இல்ல, ஆனா அந்த நம்பர மட்டும் பாத்து ரெண்டு போன ஒப்பிடாதீங்க.

ஸ்கிரீன் கார்டு ஒட்டற ஆளு போன வாங்கி கண்ணாடி ஒட்டிடுவாரு, அதுக்கு முன்னாடியே நீங்க விரல் ரேகை பதிஞ்சு வச்சிருப்பீங்க, அப்புறம் "சென்சார் மொக்கை, பத்து தடவ வச்சாதான் திறக்குது"ன்னு போன திட்டுவீங்க. டிஸ்ப்ளேக்குள்ள சென்சார் இருக்கற போன்ல கண்ணாடி ஒட்டினதுக்கப்புறம் பழைய ரேகைய அழிச்சிட்டு புதுசா பதியணும். அப்பவும் திறக்கலன்னா அந்தக் கண்ணாடியையே கழட்டிட்டு வேற போட்டுப் பாருங்க, போன் மேல பழி போடறதுக்கு முன்னாடி.

கால் பேசிப் பாக்கறதயே நிறைய பேர் மறந்துடறாங்க, கேம் ஓடுதா பாட்டு கேக்குதான்னு பாத்துட்டு விட்டுடறாங்க. ரெண்டு சிம்மையும் போட்டு, வீட்டுல எந்த மூலைல சிக்னல் கம்மியோ அந்த மூலைல நின்னு பேசுங்க, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இரைச்சல் இருக்கற இடத்துல எதிர்ல பேசறது காதுல விழுதான்னு பாருங்க.

ரிட்டர்ன் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. ஆன்லைன்ல வாங்கற போன் நிறையத்துக்கு "7 நாள் ரீப்ளேஸ்மென்ட்"னு போட்டிருக்கும், அது காசு திரும்பக் கிடைக்கும்னு அர்த்தமில்ல, குறை இருக்குன்னு உறுதியானா அதே மாடல்ல வேற பீஸ் தருவாங்க, அவ்வளவுதான், அத உறுதி பண்றதுக்கே சில சமயம் சர்வீஸ் சென்டர்ல சீட்டு வாங்கிட்டு வர சொல்லுவாங்க. அதனால ஏழாவது நாள் வரைக்கும் இழுக்காதீங்க. பெட்டி பிரிக்கறத சீல் தெரியற மாதிரி நடுவுல நிறுத்தாம வீடியோ எடுங்க. *#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்) பெட்டி மேல, பில்லுல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க, மத்திய அரசோட சஞ்சார் சாத்தி ஆப்ல அந்த நம்பர போட்டா என்ன மாடல்னும் சொல்லிடும்.

இனி இ-ரீடர், அதாவது அமேசானோட கிண்டில் மாதிரி புக் படிக்கறதுக்குன்னே இருக்கற சாதனம். இதுல ஜனங்க பண்ற பெரிய தப்பு, அத போன் மாதிரி நினைச்சுப் பாக்கறது. கிண்டில கையில வாங்கினதும் விரலால சர்ரு சர்ருனு தள்ளிப் பாத்துட்டு "என்ன இவ்வளவு ஸ்லோவா இருக்கு, பக்கம் மாறும்போது கறுப்பா ஒரு மின்னு மின்னுது, பழைய எழுத்து லேசா நிழலாடுது"ம்பாங்க. அது கெட்டுப்போன பீஸ் இல்ல, அதோட வேலையே அப்படித்தான். உள்ள ரொம்ப ரொம்ப சின்ன உறைகள்ல கறுப்பு வெள்ளைத் துகள் மிதக்குது, மின்சாரம் கொடுத்தா எது மேல வரணுமோ அது மேல வரும், வந்தப்புறம் மின்சாரம் இல்லாமலே அங்கயே நிக்கும். துகள் நகர நேரம் ஆகறதாலதான் மெதுவா இருக்கு, நகந்தது அப்படியே நிக்கறதாலதான் பேட்டரி வாரக்கணக்குல வருது, ஒண்ணு வேணும்னா இன்னொண்ணையும் ஏத்துக்கணும். நிழலாடறது ரொம்ப உறுத்தினா செட்டிங்ஸ்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுசா ரீஃப்ரெஷ் ஆகற மாதிரி வச்சுக்கலாம்.

பேட்டரி வாரக்கணக்குன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2021ல வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு 10 வாரம்னு போட்டாங்க, ஆனா அது தினம் அரை மணி நேரம் படிச்சு, வைஃபை அணைச்சு, லைட் அளவ 13ல வச்சா. 70 நாள் அரை அரை மணி நேரம்னா மொத்தம் 35 மணி நேரம், நீங்க தினம் ரெண்டு மணி நேரம் படிக்கற ஆளா இருந்தா பதினேழு பதினெட்டு நாள்தான் வரும். அதுவும் வாங்கின அன்னைக்கே நூத்துக்கணக்குல புக்க ஏத்திட்டீங்கன்னா, எல்லா புக்கையும் தேடலுக்காக உள்ள அடுக்கி முடிக்கற வரைக்கும் பேட்டரி கடகடன்னு இறங்கும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

ஆனா லைட்ட மட்டும் முதல் ராத்திரியே பாத்துடணும். இருட்டு ரூம்ல பாதி வெளிச்சம் வச்சு நாலு மூலையையும், முக்கியமா கீழ் ஓரத்தையும் பாருங்க. 2024 கடைசில வந்த கலர் கிண்டில்ல கீழ் ஓரம் மஞ்சளா அடிக்குதுன்னு வாங்கினவங்க சொன்னதும் அமேசானே ஒத்துக்கிட்டு சரிபண்ண வேண்டி வந்துச்சு. கலர் இ-ரீடர் வாங்கறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், அதுல கறுப்பு வெள்ளை எழுத்து 300 பிபிஐல (ஒரு இன்ச்சுல எத்தன புள்ளிங்கற கணக்கு) வந்தாலும் கலர் படம் 150லதான் வரும், மேல கலர் ஃபில்டர் உக்காந்திருக்கறதால வெள்ளையும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். நாவல் மட்டும் படிக்கறவங்களுக்கு கலர் தேவையே இல்லங்கறது என் அபிப்பிராயம்.

தமிழ் படிக்கறதுக்குன்னு வாங்கறவங்க பண்ற தப்பு வேற. கிண்டில்ல தமிழ் புக் 2016 டிசம்பர்லருந்து விக்கறாங்க, மதுரைத் திட்டம் மாதிரி இலவசமா தர்ற இடமும் இருக்கு, புக்குக்கு குறைச்சல் இல்ல. ஆனா நம்ம ஆளு என்ன பண்றாருன்னா, கம்ப்யூட்டர்ல ரொம்ப நாளா சேத்து வச்சிருக்கற ஸ்கேன் பிடிஎஃப்ல ஒண்ண எடுத்து ஏத்தி, எழுத்து எறும்பு மாதிரி தெரிஞ்சதும் "தமிழுக்கு இது சரிப்படாது"ன்னு மூடி வச்சிடறாரு. ஸ்கேன் பிடிஎஃப்ங்கறது பக்கத்தோட போட்டோ, அதுல எழுத்து சைஸ் மட்டும் தனியா கூட்ட முடியாது, கிண்டில படுக்க வச்சுப் படிச்சா அகலம் கிடைக்கறதால கொஞ்சம் பரவால்ல, நிறைய ஸ்கேன் புக் படிக்கறவங்களா இருந்தா பத்து இன்ச் ஸ்கிரீன் இருக்கறதா பாக்கறதுதான் சரி. யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்ச பிடிஎஃப்ப மாத்தினா எழுத்தே குப்பையா வரும், அதுக்கும் கிண்டில் காரணமில்ல. இபப் ஃபைலா, அதாவது எழுத்து சைஸ மாத்திக்க முடியற மின்னூலா கிடைச்சா அத எடுங்க, நம்ம ஃபைல கிண்டிலுக்கு அனுப்பற சென்ட் டு கிண்டில் வசதில 2022லருந்து இபப்பே அனுப்பலாம். ஏத்தினதும் இங்கிலீஷ விட ரெண்டு பாயிண்ட் எழுத்த பெருசா வைங்க, நம்ம எழுத்துல இருக்கற சுழியும் கொம்பும் சின்ன சைஸ்ல அடைஞ்சு போயிடும். அலைன்மென்ட்ட இடது பக்கமா மாத்துங்க, தமிழ்ல சொல் நீளம் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் சமமா இழுத்துப் பிடிச்சா ஒரு வரில மூணு சொல்லும் நடுவுல பெரிய பெரிய ஓட்டையுமா நிக்கும். இந்த ரெண்டையும் மாத்தாம தமிழ் வாசிப்பு எப்படின்னு முடிவுக்கு வந்துடாதீங்க.

கடைசியா, அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர்றவங்களுக்கு. நீங்களே பிரிச்சு, நீங்களே செட் பண்ணி, நீங்களே பாத்துட்டு சூப்பரா இருக்குன்னு அவங்க கையில குடுத்துட்டு ஊருக்குக் கிளம்பிடறீங்க. வயசானவங்க விரல் நுனி காஞ்சு ரேகை தேஞ்சிருக்கும், உங்க விரலுக்கு பட்டுனு திறக்கற சென்சார் அவங்களுக்கு திறக்காது, ஒரே விரல ரெண்டு தடவ பதிஞ்சு பாருங்க, அப்பவும் வரலன்னா பின் நம்பரே போதும். எழுத்து சைஸ பெருசாக்கினதும் சில ஆப்ல பட்டன் எல்லாம் ஸ்கிரீனுக்கு வெளில போயிடும், யாருக்கு பணம் அனுப்பறோம்னே தெரியாத மாதிரி யூபிஐ ஆப்ல பேர் பாதில வெட்டுப்படும், அத அவங்க கையில வச்சே ஒரு ரூபா அனுப்ப சொல்லிப் பாருங்க. ரிங்டோன் அடுப்படி வரைக்கும் கேக்குதா, எதிர்ல பேசறது அவங்க காதுக்கு போதுமான்னு அவங்ககிட்டயே கேளுங்க, போதலன்னா மாத்தறதுக்கு நாள் இருக்கும்போதே கேளுங்க.