செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்குச் சிமெண்ட் வேண்டாம்: பழுதுபார்ப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பாட்டன் கட்டிய வீட்டில் சுவர் பொரிந்து உதிர்ந்தால், "கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டை அழிக்கும் வேலைகளில் அதுவே முதலாவது.

1. சம்மதமும் படமும்

பங்காளிகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை, கதவு, தூண், தரை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். எதைக் கழற்றினாலும் அதில் எண் எழுதுங்கள்.

2. தண்ணீர் வரும் வழி

நல்ல மழை நாளில் வீட்டுக்குள் இருந்து பாருங்கள். உடைந்த ஓடு, அடைபட்ட முற்றத்து வடிகால், சுவரில் முளைத்த அரசங்கன்று இவைதாம் வழக்கமான காரணங்கள். கன்றை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் பெயரும். வெட்டிவிட்டு, வேர் பட்டுப்போன பிறகு எடுங்கள். ஒழுக்கு நிற்காமல் பூச்சில் கை வைப்பது பணத்தைக் கரைக்கும் வேலை.

3. சுண்ணாம்புப் பூச்சு

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வெளியே பூச்சு கெட்டியாகத் தெரிய, உள்ளே செங்கல் பொடியாகும்.

முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் பெயர்த்தெடுங்கள். கெட்டியாக இருக்கும் பூச்சு அப்படியே இருக்கட்டும். உதிர்ந்த துண்டு ஒன்றைப் பொடித்து வினிகரில் போடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோக, மணல் அடியில் தங்கும். அந்த மணலின் நிறத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற மணலைத் தேடுங்கள்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும்; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீற்றியதைத் தண்ணீருக்கு அடியில் சில வாரங்களாவது ஊறவிடுங்கள். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று தொடங்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் குழைப்பது பழைய முறை. மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. வெயில் நேரே படாமல் சாக்கு கட்டி, ஒரு வாரமாவது நீர் தெளியுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், அவசரப்படுத்த வழியில்லை.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் கடைசிப் பூச்சைப் பழகிய கையிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பளபளப்பு பல தலைமுறைகளின் உழைப்பு. அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கவே கூடாது.

4. மரமும் தரையும்

பர்மாத் தேக்குக் கதவு நிலையில் எனாமல் பூச வேண்டாம். அடிப்பகுதி உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து, பழைய தேக்கால் ஒட்டுப்போடச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் வண்ணத் தரைக்கல் பதித்த தரையில் ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். வெறும் தண்ணீரே போதும். உடைந்த கல்லுக்கு மாற்று வேண்டுமானால், ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிமேல் கையால் வார்க்கிறார்கள். மாதிரிக்கு ஒரு கல்லை எடுத்துச் செல்லுங்கள். புதுக் கல்லின் நிறம் பழையதோடு உடனே ஒட்டாது. ஆகவே பின்கட்டு மூலையில் அதே வடிவப் பழைய கல் இருந்தால், அதைப் பெயர்த்து முகப்பில் பதித்து, புதியதைப் பின்கட்டில் போடுங்கள்.