ஓபியம் வகை மருந்துகளை நிறுத்தும்போது உடலில் நிகழ்வதைப் புரிந்துகொள்ளுதல்

ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டாபென்டடால் போன்றவை மூளையிலுள்ள ஒரே வகை ஏற்பிகளில் (மருந்து சென்று ஒட்டும் இடங்களில்) செயல்படுகின்றன. தொடர்ந்து எடுக்கும்போது உடல் பழகிப்போய், முன்பு போதுமாயிருந்த அளவு போதாமலாகிறது. இதை மனவுறுதிக் குறைவு என்று வீட்டார் ஏசுவதில் பயனில்லை, ஏனெனில் மருத்துவர் சீட்டின்படி வலிக்காக உட்கொண்டவருக்கும் உடற்சார்பு ஏற்படலாம்.

ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்திற்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சம், தசைவலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை தொடங்கி, 4 முதல் 10 நாட்கள் வரை நீடிக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொடுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

இந்தியாவில் இவற்றுக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்தாகப் பெரிதும் வழங்கப்படும் பியூப்ரெனார்ஃபினின் முதல் வேளையை, மேற்சொன்ன விலகல் அறிகுறிகள் (நிறுத்தியதால் வரும் தொல்லைகள்) தெளிவாகத் தெரிந்த பிறகே மருத்துவர் கொடுப்பார். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் அவதி சட்டென்று கடுமையாகும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஆபத்து, அறிகுறிகள் அடங்கிய பின்னரே வருகிறது: உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டதால், பழைய அளவை மீண்டும் எடுப்பவரின் மூச்சு நின்றுபோகலாம். அழைத்தால் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சிகிச்சை மையங்களின் விவரங்களுக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.