பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரேக்கை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நாலு பிஸ்டன் காலிப்பர் (பிஸ்டனால் பேட்டைத் தள்ளி டிஸ்க்கை இறுக்கும் பகுதி) ஒரு ஜோடி கண்ணில் பட்டால் உடனே வாங்கி முன்சக்கரத்தில் மாட்டத் தோன்றும். காசு கொடுக்கும் முன் பிஸ்டன் பரப்பைக் கணக்குப் போடுங்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஒற்றைப் பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பரில் விட்டம் 54 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 2290 சதுர மி.மீ. நகராத நாலு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டுமே எண்ண வேண்டும். தலா 38 மி.மீ. என்றால் சுமார் 2270. பிடியில் கிட்டத்தட்ட சமம். அதுவே 42 மி.மீ. என்றால் 2770, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பெடல் இன்னும் ஆழம் போகும், முன்சக்கரம் சீக்கிரமே லாக் ஆகும் (சுழலாமல் நின்று சறுக்கும்), பின் பிரேக் தன் பங்கு வேலையை முழுதாகச் செய்யாது. காசு செலவழித்தும் கார் நிற்கும் தூரம் கூடிவிடும். முன் டிஸ்க் விட்டத்தைப் பெரிதாக்கினாலும் பிரேக் பிடி முன்பக்கமே சாயும். பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம் சூட்டைத் தாங்குவது. பெங்களூரு பக்கத்து நந்தி மலை இறக்கத்தில் அது தெரியும். டயருக்குப் பிடி இல்லையென்றால் எந்தக் காலிப்பரும் உதவாது.

பெடல் ஆழம் போகிறதென்று, மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை 22.2-லிருந்து 25.4 மி.மீ.க்கு மாற்றினால் பெடல் கெட்டியாகும். ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் ஏறக்குறைய கால்வாசி குறையும். கெட்டியான பெடலை நல்ல பிரேக் என்று நம்பாதீர்கள்.

அழுத்தத்தைச் சரிக்கட்டும் வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. அதனால் முன்பக்கம் மிஞ்சிய காருக்கு அது மருந்தல்ல. பழைய வால்வைக் கழற்றாமல் புதியதையும் சேர்த்தால் பின்பக்கம் இன்னும் செத்துப்போகும். முன் பிரேக்கோடு எதிர்ப்பக்கப் பின் பிரேக்கைக் குறுக்காக இணைத்த கார்களில் ஒற்றை வால்வு போதவே போதாது.

மழைநாளில் முன்-பின் பிரேக் பேலன்ஸ் பார்ப்பது ஆபத்தான தவறு. ஈரத் தரையில் எடை முன்னால் அவ்வளவாகச் சாயாது, பின்சக்கரம் நன்றாகப் பிடிப்பதுபோல் இருக்கும். அதே அமைப்பில் காய்ந்த ரோட்டில் அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி கார் சுற்றிவிடும். காய்ந்த ரோட்டில், ஆளில்லாத இடத்தில், முன்சக்கரம் சற்று முந்தி லாக் ஆகும்படி வையுங்கள்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்கென்று கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருந்தால் கழற்ற வேண்டும். விட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

காலிப்பரை இடம்வலம் மாற்றி மாட்டினால் பிளீட் நிப்பிள் கீழே வரும், ஏர் வெளியேறாது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கிப் பிரேக் ஆயிலைத் திரும்ப விடாது, எல்லாவற்றையும் மாற்றுங்கள். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். சிலிக்கான் டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது.

புது பேட்டை 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை பத்து முறை குறைத்துப் பழக்குங்கள். நடுவில் முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.