‘ஆன்டிகனி’ நாடகத்தை வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்கிளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’, கி.மு. 441ஆம் ஆண்டையொட்டி ஏதென்ஸில் மேடையேறியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. தீப்ஸ் நகரின் ஆட்சிக்காக உடன்பிறந்தவர் இருவர் மோதி, ஒருவர் கையால் மற்றவர் மடிகிறார்கள். நகரைக் காத்து நின்ற எட்டியோக்ளீஸ் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்படுகிறான். வேற்றூர்ப் படையைத் திரட்டி வந்த பாலினைசிஸின் உடலுக்கு ஈமக்கடன் செய்யவோ அவனுக்காக அழவோ கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்று புதிதாக ஆட்சிக்கு வந்த கிரியோன் ஆணையிடுகிறான். சகோதரி ஆன்டிகனி அந்த ஆணையை மீறி உடல்மீது மண்ணைத் தூவுகிறாள். பிடிபட்டு, பாறைக் குகைக்குள் உயிரோடு அடைக்கப்படுகிறாள். கதை இவ்வளவு தெளிவாக இருப்பதாலேயே, கொடுங்கோலனை எதிர்த்த வீரப்பெண்ணின் கதை என்று முதல் பக்கத்திலேயே முடிவுகட்டிவிட்டு மீதியைப் படிக்கிறோம். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கிரியோனைத் தொடக்கத்திலிருந்தே கொடியவனாகக் காண்பது முதல் தவறு. நாடகத்தின் பாடற்குழுவாக வரும் நகர முதியோர்களான மூதவையினர் முன்னால் அவன் ஆற்றும் முதல் உரையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாடு என்ற கப்பல் நேராக மிதந்தால்தான் நமக்கு நட்பும் உறவும் வாய்க்கும், ஆகவே நாட்டைவிட நண்பனைப் பெரிதாக எண்ணுபவனை நான் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டேன் என்கிறான். கி.மு. 343இல், நாடகம் அரங்கேறி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு, ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தம் அரசியல் எதிரியைச் சாடிய வழக்கில் இதே வரிகளை நல்ல குடிமகனுக்கான பாடமாக எடுத்துக்காட்டினார். துரோகிகளைத் தன் மண்ணில் புதைக்கக் கூடாது என்ற சட்டம் ஏதென்ஸிலும் இருந்தது. ஆகவே அன்றைய பார்வையாளர்கள் கிரியோன் வாயைத் திறந்ததுமே அவனை வெறுத்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு இடமில்லை. அவன் வழுவிய இடம் வேறு. துரோகியின் உடலை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டிருந்தால் உறவினர் அங்கேயாவது கடமையை முடித்திருக்கலாம். அவனோ புதைக்கவும் விடாமல், அகற்றவும் விடாமல், ஊருக்கு அருகிலேயே அழுக விட்டுக் காவலும் வைக்கிறான். பிறகு காட்சிக்குக் காட்சி அவன் பேச்சு குறுகிக்கொண்டே வருகிறது. செய்தி கொண்டுவந்த காவலாளி லஞ்சம் வாங்கியிருப்பான் என்கிறான். ஆன்டிகனியின் தங்கை இஸ்மீனியையும் குற்றவாளி என்கிறான். கடைசியில் மகன் ஹீமோனிடம், நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊரா எனக்குச் சொல்வது என்று கேட்கிறான். ஒரே ஒருவனுக்குச் சொந்தமானது நகரமே ஆகாது என்று ஹீமோன் மறுமொழி சொல்வது இந்த இடத்தில்தான். பொதுநலத்தைப் பேசத் தொடங்கியவன் தன் சொல் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வாதாடும் நிலைக்கு வந்துசேரும் இந்தச் சரிவு, அவனை முதலிலேயே கொடியவனாக எண்ணியவர் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆன்டிகனியைக் குறையற்றவளாகக் காண்பது இதற்கு இணையான தவறு. எழுதப்படாத, அசைக்க முடியாத தெய்வச் சட்டங்களை ஒரு மனிதனின் ஆணை மீறிவிட முடியாது என்று அவள் அரசன் முகத்துக்கு நேரே சொல்லும் இடம் உலக இலக்கியத்தின் மாபெரும் தருணங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே ஆன்டிகனி, உடன் வரத் தயங்கிய தங்கை இஸ்மீனியைத் தொடக்கக் காட்சியிலேயே வெறுத்து ஒதுக்குகிறாள். பிறகு இஸ்மீனி குற்றத்தில் தானும் பங்கேற்று உடன் சாக முன்வரும்போது, நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன் என்று தள்ளிவிடுகிறாள். இறந்த அண்ணனுக்காக உயிரையே கொடுக்கும் குடும்பப் பற்று, உயிரோடு நிற்கும் தங்கையிடம் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்து போகக் கூடாது. குகைக்குப் போகுமுன் அவள் சொல்லும் இன்னொரு வாதமும் இருக்கிறது. கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் இப்படி அரசை எதிர்த்திருக்க மாட்டேன். வேறு கணவன் கிடைப்பான், வேறு பிள்ளை பிறக்கும். தாயும் தந்தையும் மண்ணுக்குள் போனபின் இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை என்கிறாள். ஜெர்மானியக் கவிஞர் கதே இதைப் படித்துச் சங்கடப்பட்டு, இது இடைச்செருகல் என்று யாரேனும் நிறுவிவிட மாட்டார்களா என ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுகிறார் என்பதால், அது மிகப் பழமையானது என்பது உறுதி. எல்லா உயிருக்கும் பொதுவான நீதியைப் பற்றிப் பேசியவள், சாவின் விளிம்பில் இந்த ஒரு சகோதரனைப் பற்றி மட்டுமே பேசுகிறாள். பிடிக்கவில்லை என்பதற்காக இந்த வரிகளை ஒதுக்கிவிட்டு வாசித்தால், நமக்கு மிஞ்சுவது சோபக்கிளீஸ் படைத்த பெண் அல்ல.

அரசு ஒரு பக்கம், குடும்பம் மறுபக்கம் என்று கோடு கிழிப்பது கல்லூரிக் குறிப்பேடுகளில் அதிகம் காணப்படும் தவறு. இரண்டு நியாயங்களின் மோதல் என்று தத்துவஞானி ஹெகல் விளக்கியதன் எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் இது. நாடகத்திலோ இந்தக் கோடு எங்குமே நேராக ஓடவில்லை. கிரியோன் அந்தப் பெண்களின் தாய்மாமன். தகப்பனும் சகோதரர்களும் போனபின் அவர்களுக்குப் பொறுப்பாளன். பாலினைசிஸ் அவன் சகோதரியின் மகன். ஆக, தன் சொந்த மருமகனின் பிணத்தைத்தான் அவன் நாய்க்குப் போடுகிறான். ஆன்டிகனியோ அவன் மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். இதைவிட முக்கியமானது, அவன் தன் ஆட்சியுரிமையை எதன்மேல் நிறுவுகிறான் என்பது. இறந்தவர்களுக்கு நான் நெருங்கிய உறவினன், அதனால் அரியணை எனக்கு வந்தது என்று அவனே அறிவிக்கிறான். உறவால் கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு உறவின் கடமையைத் தடை செய்பவனை, குடும்பத்துக்கு வெளியே நிற்கும் அரசாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

‘ஹூப்ரிஸ்’ என்ற செருக்குதான் துன்பியல் நாயகனின் குற்றம், அதனால் அழிந்தான் என்ற சூத்திரத்தையும் கைவிட வேண்டும். அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நாயகனின் பிழையைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அந்தப் பிழை செருக்குதான் என்று எங்கும் வரையறுக்கவில்லை. அரிஸ்டாட்டில் பிறந்ததோ கி.மு. 384இல், சோபக்கிளீஸ் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. அந்த நூலை விதியாக வைத்துக்கொண்டு இந்த நாடகங்கள் எழுதப்படவில்லை. நாடகத்துக்குள்ளேயே செருக்கு ஒரு குற்றச்சாட்டாகத்தான் வருகிறது. அதைச் சுமத்துபவன் கிரியோன், சுமப்பவள் ஆன்டிகனி. சட்டத்தை மீறியது ஒரு செருக்கு, மீறிவிட்டுப் பெருமைப்படுவது இரண்டாவது செருக்கு என்கிறான். அதிகாரத்தில் இருப்பவர் தமக்கு அடங்காதவரை நோக்கி வீசும் சொல்லாக அது இங்கே இயங்குவதைக் கவனித்தால், செருக்கு யாருடையது என்பதற்கு ஒற்றை விடை தேட மாட்டோம்.

ஆன்டிகனியின் தந்தை ஈடிபஸின் குடும்பத்தைப் பற்றி சோபக்கிளீஸ் எழுதிய மூன்று நாடகங்களையும் ஒரே தொடராகப் பாவிப்பதும் தவறே. ‘ஆன்டிகனி’ முதலில் எழுதப்பட்டது. ‘ஈடிபஸ் மன்னன்’ அதன்பின் பல ஆண்டுகள் கழித்து வந்தது. ‘கொலோனஸில் ஈடிபஸ்’ ஆசிரியர் இறந்தபின் கி.மு. 401இல் அரங்கேறியது. மூன்றிலும் வரும் கிரியோன் ஒரே குணம் கொண்டவன் அல்லன். அதுபோலவே, எல்லாம் விதி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குலத்தின் சாபத்தைப் பற்றி மூதவையினர் பாடுகிறார்கள் என்றாலும், ஆன்டிகனி இப்படித்தான் சாவாள் என்று எந்தக் குறிமொழியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கடைசியாக, ஆன்டிகனி மேடையை விட்டுப் போனதும் நாடகம் முடிந்துவிட்டதாக எண்ணி அவசரமாகப் புரட்டாதீர்கள். 1,353 வரிகள் கொண்ட நாடகத்தில், அவள் போனபின்னும் 400 வரிகளுக்கு மேல் இருக்கின்றன. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்த பிறகு கிரியோன் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்று மூதவையினர் வரிசைப்படுத்தியே சொல்கிறார்கள். அவனோ முதலில் பிணத்திடம் போகிறான். எஞ்சியதைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்கு வருகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். ஹீமோன் தந்தைமீது வாளை ஓங்கி, குறி தவறி, அதே வாளைத் தன்மீதே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசி, கணவனைப் பிள்ளையைக் கொன்றவன் என்று சபித்துவிட்டு உயிரை விடுகிறாள். வரிசையை மாற்றாமல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்பதை நாடகம் சொல்லவில்லை. கிரியோன் சாகாமல் எஞ்சுகிறான். மகனுக்காகவும் மனைவிக்காகவும் கதறுகிறான். ஆன்டிகனியின் பெயரை அந்தப் புலம்பலில் அவன் ஒருமுறைகூட எடுப்பதில்லை.