கவர்க்கல் பனிக்கு மஞ்சள் விளக்கு: கிளாசிக் 350இல் ஃபாக் லைட் மாற்றிய கதை

மருந்துக் கம்பெனி வேலையாகப் பொள்ளாச்சியிலிருந்து மாதம் இரண்டு முறை வால்பாறை போய் வருகிறேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன், ஜூலையில் கவர்க்கல் பக்கம் பகல் மூன்று மணிக்கே மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிடும். முன்னால் போகிற பஸ் சத்தம் கேட்கும், பஸ் தெரியாது. அங்கே ஃபாக் லைட் அலங்காரச் சாமான் இல்லை.

என் வண்டி 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. க்ராஷ் கார்டில் (முன்பக்கக் காப்புக் கம்பி) இரண்டு ஹாலஜன் ஃபாக் லைட் இருந்தன, தலா 55 வாட் எச்3 பல்பு. இரண்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியர். ஹெட்லைட் இழுப்பது தனி. மலையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும். வருகிற சார்ஜைவிடச் செலவு அதிகமாகிவிடும். 14 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? வால்பாறை லாட்ஜ் வாசலில் காலையில் செல்ஃப் எடுக்காமல் கிக்கரை உதைத்த நாட்கள் நிறைய.

இதைவிடப் பெரிய கோளாறு வயரிங்கில் இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் ரிலே, அதாவது சொற்ப கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் தானியங்கி சுவிட்ச், வைக்கவில்லை. ஹார்ன் ஒயரை நடுவில் சுரண்டி, அதிலிருந்தே கரண்ட் எடுத்துச் சின்ன சுவிட்ச் வழியாக இரண்டு விளக்குக்கும் விட்டிருந்தார். ஒருநாள் அட்டகட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தால் சுவிட்சின் அடிப்பக்கம் உருகி வழிந்திருக்கிறது. பெட்ரோல் டேங்க் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த வேலையை நானே செய்வது என்று.

ஹாலஜனுக்குப் பதில் எல்இடி மாட்டினேன். முதலில் அதை வாங்குவதைச் சொல்கிறேன், பாதிப்பேர் தவறுவது அங்கேதான். கடையில் பெட்டியின் மேல் 40 வாட், 60 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நான் மல்டிமீட்டரோடு போனேன். கடைக்காரரிடம் கேட்டு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தேன். 40 வாட் என்று எழுதியிருந்த ஒரு ஜோடியில் ஒரு விளக்கு 0.7 ஆம்பியர்தான் இழுத்தது. கணக்குப் போட்டால் 9 வாட்கூட வராது. கடைசியில் நான் எடுத்தது 1.4 ஆம்பியர் இழுக்கிற ஜோடி. ஒன்றுக்குச் சுமார் 18 வாட். பழைய ஹாலஜன் தின்றதில் மூன்றில் ஒரு பங்குதான், வெளிச்சம் குறையவில்லை. பின்பக்கம் அலுமினியத் துடுப்புகள் கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்இடி சூடாகாது என்பது தவறு. சில்லு நன்றாகவே சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும்.

அடுத்தது ஒளியின் வடிவம். தூரத்துக்கு ஈட்டி மாதிரி பாயும் ஸ்பாட் விளக்கு பனியில் பயன்படாது. கண் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். அகலமாக, மேல்விளிம்பு வெட்டினாற்போல் விழும் ஃபாக் வகையைக் கேளுங்கள். நிறத்தில் நான் 3000 கெல்வின் மஞ்சளை எடுத்தேன் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு; எண் கூடினால் நீலம் கூடும்). மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, அதனால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். ஆனால் நீலம் கலந்த 6000 கெல்வின் வெள்ளை திரும்பிக் கண்ணில் அடிக்கும்போது கூச்சம் அதிகம்; மஞ்சளில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கண் அவ்வளவாகச் சோராது. எனக்கு அது போதும்.

சரி, மாட்டும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய ஒயர் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, ஹார்ன் ஒயரின் காயத்தைச் சரிசெய்து சூடு பட்டால் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். விளக்கை க்ராஷ் கார்டில் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே வைத்தேன், என் வண்டியில் தரையிலிருந்து 55 செ.மீ. கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒரு சுற்று. இது 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜின், அதிர்வு எந்த நட்டையும் தளர்த்திவிடும். அதனால் நைலான் பூட்டு நட்டு மட்டும் போடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த ஒயரும் இழுபடவில்லை என்று பார்த்தபிறகே கேபிள் டை போடுங்கள்.

ரிலேயில் நான்கு கால்கள், எண் அதன்மேலேயே இருக்கும். 30க்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு ஒயர். அந்த ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். 87இலிருந்து இரண்டு விளக்குக்கும். 85 எர்த்துக்கு. 86 சுவிட்சுக்கு, சுவிட்சுக்கான கரண்டை ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் பைலட் லாம்ப் (ஹெட்லைட்டை ஒட்டிய சின்ன விளக்கு) ஒயரிலிருந்து எடுத்தேன். சாவியை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும். ஒயர் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். மீட்டர் வைத்து, சாவி போட்டால் 12, எடுத்தால் 0 காட்டுகிற ஒயரைத் தேடுங்கள். இப்போது சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சொற்ப கரண்ட்தான், உருக வாய்ப்பில்லை. விளக்குக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போதும். ஹாலஜனுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எல்இடிக்கு உண்டு. எர்த்துக்குச் சட்டத்தின் பெயிண்ட்டை நம்பாமல் பேட்டரி நெகட்டிவுக்கே தனி ஒயர் ஓட்டினேன்.

கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: குறி பார்ப்பது. இருட்டியதும் சமதளத்தில் வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரிடம் விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். நான் என் தம்பியைப் பிடித்தேன். ஒளியின் அடர்ந்த பகுதி அந்தக் கோட்டுக்கு 8 செ.மீ. கீழே விழ வேண்டும். அப்படி வைத்தால் 34 மீட்டர் வாக்கில் தரையைத் தொடும். அதற்கு மேல் எதிரே வருகிறவரின் கண்ணில் ஏறாது. கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஏறி வரும் பஸ் டிரைவருக்கு அரை நொடி கண் கூசினாலும் அந்தப் பக்கம் பள்ளம். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். வண்டியில் கூடுதல் விளக்கு மாட்டுவதற்கு மோட்டார் வாகன விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது, வாங்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹெட்லைட், ஃபாக் லைட் எல்லாம் எரிய, சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.8 வோல்ட். பழைய விளக்கோடு இதே இடத்தில் 12.4 காட்டியது. முதல் 200 கிலோமீட்டர் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்; எனக்கு இடது கிளாம்பு கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. முதல் பெருமழைக்குப் பிறகு கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோத்திருந்தால் உடனே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள், வெயிலில் காயவைத்துச் சமாளிக்க வேண்டாம்.